கேத்திச் சரிவில் மூன்று சென்ட்: மலைவீட்டில் காய்கறித் தோட்டம் போட ஒரு முழுமையான வழிகாட்டி

"உங்களுக்கென்ன, ஊட்டிப் பக்கம் எதைப் போட்டாலும் வருமே" என்று கோயம்புத்தூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். வரும்தான். மழை வரும், உறைபனி வரும், காட்டெருமை வரும், கடைசியாகக் கேரட்டும் வரும். அந்தக் கடைசி வருகைக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நாங்கள் இருப்பது நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கின் ஒரு சரிவில். வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடம். எதிர்ச் சரிவைப் பார்த்தால் படிப்படியாகக் கேரட் தோட்டங்கள். கேத்தி பாலாடாவில் மூட்டை மூட்டையாகக் கேரட்டை இயந்திரத்தில் போட்டுக் கழுவி லாரியில் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு, இந்த மண்ணில் தோட்டம் போடுவது சுலபம் என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. முதல் வருடம் நான் அறுத்தது ஒரு கூடை முள்ளங்கி. அவ்வளவுதான்.

முதலில், ஒரு மாதம் சும்மா பாருங்கள்

மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் இடத்தைப் பார்த்துப் பழக வேண்டும். காலை வெயில் எந்த மூலையில் முதலில் விழுகிறது, பக்கத்து வீட்டு மரத்தின் நிழல் எத்தனை மணிக்கு உங்கள் இடத்தை விட்டு விலகுகிறது, மழை பெய்யும்போது தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று ஒரு காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். மழைக் காலத்தில் இங்கே நாட்கணக்கில் மூட்டம் போட்டுவிடும். அப்போது கிடைக்கிற ஒரு மணி நேர வெயில் பெரிய விஷயம். கிழக்கு பார்த்த சரிவு என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலவே அதுவும் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் ஒரே ஊரில் மேட்டு வீட்டுத் தோட்டம் தப்பிவிடும், ஓடைக்கரைத் தோட்டம் உறைபனியில் கருகிவிடும். உங்கள் இடத்திலேயே தாழ்ந்த மூலை எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பீன்ஸையும் உருளைக்கிழங்கையும் அங்கே போடக்கூடாது.

கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், பக்கத்தில் இருந்தால் அதன் அடியில் பாத்தி போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வேர் எல்லாத் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும், விழுகிற இலையின் அடியில் ஒன்றும் சரியாக முளைக்காது.

மண்: ஹைட்ரேஞ்சியா சொல்லும் செய்தி

மலையில் பழைய வீடு எதுவானாலும் வேலியோரம் ஒரு ஹைட்ரேஞ்சியா நிற்கும். அதன் பூ நல்ல நீலமாக இருந்தால் மண் புளிப்பு, அதாவது அமிலத் தன்மை உள்ளது. வீட்டுச் சுவருக்கு ஒட்டி, சுண்ணாம்பு உதிர்ந்து கலந்த மண்ணில் நிற்கும் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் போவதால் வருகிற நீலம் அது. பார்க்க அழகு, ஆனால் முட்டைக்கோஸுக்கும் பீட்ரூட்டுக்கும் பட்டாணிக்கும் அந்த மண் ஆகாது. காலங்காலமாகப் பெய்த மழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் அடித்துக்கொண்டு போய்விட்டது, அதனால்தான் இந்தப் புளிப்பு.

பூவைப் பார்த்தது போதாது, ஒருமுறை பரிசோதனை செய்துவிடுங்கள். இடத்தில் ஐந்தாறு புள்ளிகளில் அரையடி ஆழத்துக்கு 'வி' வடிவத்தில் வெட்டி, குழியின் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு விரல் தடிமனுக்கு மண்ணைச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து நிழலில் உலர்த்தி அரைக் கிலோ கொண்டுபோனால் போதும். தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்டால் எங்கே கொடுக்க வேண்டும் என்று சொல்வார்கள். கார அமிலத் தன்மை (pH) 5-க்குக் கீழே என்று வந்தால் பயப்பட வேண்டாம், இங்கே அது சகஜம்.

மருந்து டோலமைட் அல்லது விவசாயச் சுண்ணாம்பு. ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் என்று ஆரம்பிக்கலாம். மூன்றடி அகலம், பத்தடி நீளப் பாத்தி என்றால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. விதைப்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே தூவி மண்ணோடு கொத்திவிட வேண்டும். சுண்ணாம்பையும் சாண எருவையும் ஒரே நாளில் போடாதீர்கள், எருவில் இருக்கிற தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். உருளைக்கிழங்குப் பாத்திக்குச் சுண்ணாம்பு வேண்டாம், கிழங்கின் தோலில் சொறி பிடிக்கும். கணப்பிலிருந்தும் வெந்நீர் அடுப்பிலிருந்தும் கிடைக்கும் சாம்பலைக் கொட்டிவிடாமல் சலித்து ஒரு டின்னில் வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் சத்துக்கு அதைவிட மலிவான வழி இல்லை.

பாத்தி: சரிவுக்குக் குறுக்கே, எப்போதும் குறுக்கே

என் முதல் தவறு இதில்தான். வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் வரிசையாக அழகாகத் தெரிய வேண்டும் என்று பாத்திகளை மேலிருந்து கீழாகப் போட்டேன். அக்டோபரில் ஒரு ராத்திரி மழை. காலையில் கதவைத் திறந்தால் பாத்தி இருந்த இடத்தில் சிவப்பாகக் கட்டாந்தரை. பாத்திகளுக்கு நடுவில் நான் விட்ட வழியெல்லாம் வாய்க்காலாக அறுத்திருந்தது. மூன்று மாதமாகச் சேர்த்த எரு, நாற்று, மேல்மண் எல்லாம் கீழ்வீட்டு முற்றத்தில். அந்த வீட்டுப் படுகர் சமூகத்து அக்கா துடைப்பத்தோடு நின்றுகொண்டு மேலே பார்த்துச் சொன்னார்: "தம்பி, உங்க தோட்டம் எங்க வீட்டுக்கு வந்திருக்கு. வந்து எடுத்துக்கிட்டுப் போங்க."

பதினொரு கூடை மண்ணை முதுகில் சுமந்து மேலே ஏற்றினேன். அவர் காபி கொடுத்தார். திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நீலகிரியின் மழையை லேசாக எடுத்துக்கொள்ளவே முடியாது. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே மேல்மண் கிளம்பிவிடும்.

சரி, எப்படிப் போடுவது? ஒரு நீளமான வெளிப்படைக் குழாயில் தண்ணீர் நிரப்பி, கொத்தனார் மட்டம் பார்ப்பது போல் சரிவில் ஒரே உயரத்தில் இருக்கிற புள்ளிகளைக் குச்சி நட்டு அடையாளம் செய்யுங்கள். அந்தக் கோட்டின்மேல் பாத்தி. அகலம் மூன்றடிக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கத்திலிருந்தும் கை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. முக்கால் அடி உயரம் இருக்கட்டும். கீழ்ப்பக்க விளிம்பில் கல் அடுக்குங்கள். தோண்டும்போது கிடைக்கிற கல்லே போதும், வாங்க வேண்டியதில்லை. சிமெண்ட் வைக்காதீர்கள், கல்லிடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் சுவர் வயிறு தள்ளிச் சரிந்துவிடும். பாத்திகளுக்கு நடுவில் ஓரடி வாய்க்கால், ஒரு பக்கமாக மிக லேசான சாய்வு. வாய்க்கால் முடிகிற இடத்தில் இரண்டடிக் குழி ஒன்று. மழையில் அடித்து வருகிற வண்டல் அதில் தங்கும், மாதம் ஒருமுறை அள்ளித் திரும்பப் பாத்தியில் போடலாம். கல்லிடுக்குகளில் புதினாவோ ஸ்ட்ராபெரியோ செருகிவிட்டால் அதன் வேரும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் வருடம் இரண்டு பாத்தி போதும். இதை நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை, எல்லோரும் மூன்று சென்ட்டையும் ஒரே மூச்சில் கொத்திப் போட்டு, ஜூலை மழையில் களை மண்டியதும் கைவிட்டுவிடுகிறார்கள்.

களை

இரண்டு எதிரிகள். ஒன்று கிகுயு புல், மலையின் புல்வெளியெங்கும் பாய் விரித்தது போல் கிடப்பது. அதன் தண்டு மண்ணுக்கடியில் கயிறு மாதிரி ஓடும், மண்வெட்டியால் வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடி. நான்கு பல் உள்ள ஃபோர்க்கால் மண்ணை நெம்பி, கையால் நூல் பிரிப்பது போல் பிரித்து எடுக்க வேண்டும். இன்னொன்று புளியாரை, குழந்தைகள் பறித்துத் தின்கிற புளிப்பு இலை. இளஞ்சிவப்புப் பூ பூக்கும் வகைக்கு அடியில் குட்டிக் குட்டிக் கிழங்குகள் இருக்கும். இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும், கிழங்குகள் உதிர்ந்து மண்ணிலேயே நின்று சிரிக்கும். இரண்டையும் எருக்குழியில் போடாதீர்கள். பாறைமேல் வெயிலில் காயப் போட்டு எரித்துவிடலாம்.

உட்கார்ந்து புளியாரைக் கிழங்கு பொறுக்குவது ஒரு தண்டனை என்று முதலில் நினைத்தேன். இப்போது அந்த அரை மணி நேரம்தான் எனக்கு ரேடியோ கேட்கும் நேரம். முட்டிக்குக் கீழே மடித்த கோணிப்பை ஒன்று அவசியம்.

எரு

சமவெளியில் இரண்டு மூன்று மாதத்தில் மக்குவது இங்கே குளிரில் ஆறு மாதம் எடுக்கும். அதனால் இரண்டு குழி வேண்டும், ஒன்று நிரம்பும்போது மற்றது மக்கிக்கொண்டிருக்கும். காய்ந்த இலை ஒரு அடுக்கு, பச்சைத் தழையும் காய்கறித் தோலும் ஒரு அடுக்கு, மேலே கொஞ்சம் சாணக் கரைசல். மழை நேரடியாக விழாமல் ஒரு தகரத் தகடு போட்டு மூடுங்கள், திறந்து வைத்தால் சத்தெல்லாம் கரைந்து ஓடிவிடும். சோறு, மீன் கழிவு எதையும் போடாதீர்கள். கரடியும் காட்டுப்பன்றியும் வாசனையைத் தேடி வந்துவிடும், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மாட்டுச் சாணமோ குதிரைச் சாணமோ கிடைத்தால் நல்லதுதான். ஆனால் நன்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணம் போட்ட பாத்தியில் கேரட் இரண்டு கால் மூன்று கால் முளைத்து மனுஷன் மாதிரி வரும்.

கேரட்: பொறுமையாகச் சொல்ல வேண்டியது

கேரட்டை நாற்று விட்டு நடக்கூடாது, நேரடியாகப் பாத்தியில்தான் விதைக்க வேண்டும். பாத்தியை ஓரடி ஆழம் கொத்தி, கல்லைப் பொறுக்கி, மண்ணை ரவை மாதிரி உடைத்துக்கொள்ளுங்கள். ஓரடி இடைவெளியில் மூன்று கோடு கீறுங்கள், ஒரு சென்டிமீட்டர் ஆழம், அதற்கு மேல் வேண்டாம். பத்தடிப் பாத்திக்கு இரண்டு கிராம் விதை தாராளம். அதை இரண்டு கைப்பிடி மெல்லிய மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழாது. மேலே மண்ணைச் சலித்தது போல் மூடி, நனைத்த கோணிப்பையைப் பரப்பிவிடுங்கள்.

இனிமேல்தான் சோதனை. முளைக்க இரண்டு வாரம்கூட ஆகும், அதுவரை கோணி காயக்கூடாது. எட்டாம் நாளிலிருந்து தினமும் காலையில் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். பச்சை ஊசி மாதிரி நாலைந்து தெரிந்தால் அன்றைக்கே கோணியை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் முளை கோணி இழைக்குள் நுழைந்துவிடும், எடுக்கும்போது எல்லாம் பிய்ந்து வரும்.

மூன்று நான்கு இலை வந்ததும் நெருக்கமாக இருப்பதைப் பிடுங்கிக் கலைத்துவிட வேண்டும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நாலு விரல் இடைவெளி. உயிரோடு இருக்கும் செடியைப் பிடுங்கக் கை வராது. எனக்கும் முதல் முறை வரவில்லை, நூறு கேரட்டுக்குப் பதிலாக முந்நூறு நூல் கிடைத்தது. பிடுங்கும்போது வரும் அந்த வாசனை கேரட் ஈயையும் மற்ற பூச்சிகளையும் அழைக்கும் என்பார்கள், அதனால் மாலையில் செய்து, பிடுங்கியதை அங்கேயே போடாமல், தண்ணீர் விட்டு மண்ணை அழுத்திவிடுகிறேன். சுண்டுவிரல் அளவு வந்ததை அலசி அங்கேயே நின்றபடி தின்பதுதான் இந்த வேலைக்குக் கூலி.

கிழங்கின் தலை மண்ணுக்கு மேல் தெரிந்தால் பச்சையாகிக் கசக்கும், மண்ணை அணைத்துவிடுங்கள். நூறு நாளில் தோண்டலாம். ஒரேயடியாகப் பிடுங்கத் தேவையில்லை. குளிர் காலத்தில் மண்ணுக்குள்ளேயே விட்டால் இன்னும் இனிக்கும், வேண்டும்போது வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

மற்றவை, சுருக்கமாக

எதுவுமே தெரியாதவர்கள் மேரக்காயில் ஆரம்பியுங்கள், சிலர் சௌசௌ என்பார்கள். முளைவிட்ட முழுக்காயைப் பாதி புதைத்து ஒரு பந்தல் போட்டால் போதும். அடுத்த வருடம் பக்கத்து வீட்டார் எல்லோரும் உங்களைப் பார்த்தால் ஒளிவார்கள், அவ்வளவு காய்க்கும். மரத்தக்காளி ஒன்று வேலியோரம் இருக்கட்டும். நட்டு ஒன்றரை, இரண்டு வருடத்தில் காய்க்கும், சுட்டுத் தோலுரித்துச் சட்னி அரைத்தால் தக்காளி விலையைப் பற்றிக் கவலை இல்லை. பூண்டு, பீட்ரூட், நூல்கோல், பட்டாணி எல்லாம் தொந்தரவில்லாதவை.

முட்டைக்கோஸ் குடும்பத்துக்கு ஒரு எச்சரிக்கை. நட்டநடு வெயிலில் செடி வாடி, மாலையில் நிமிர்ந்து, மறுநாள் மறுபடி வாடினால் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் இஞ்சி மாதிரி வீங்கியிருந்தால் அது வேர்வீக்க நோய். புளித்த மண்ணில்தான் அது கொண்டாடும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, டர்னிப் எதையும் அந்தப் பாத்தியில் நாலைந்து வருடம் நடாதீர்கள்.

உருளைக்கிழங்கை இங்கே மூன்று போகமாகப் போடுவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் நீர்போகம், மார்ச், ஏப்ரலில் கார்போகம், ஆகஸ்ட், செப்டம்பரில் கடைபோகம். வீட்டுத் தோட்டத்துக்குக் கார்போகம் நல்லது. விதைக்கிழங்கு 40, 50 கிராம் இருக்கட்டும், ஒன்றரை அடி வரிசையில் முக்கால் அடிக்கு ஒன்று. ஆனால் அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய கிழங்கை நடாதீர்கள், அடுத்த தோட்டத்து மண்ணையும் கொண்டுவராதீர்கள். கிழங்கின் வேரில் குண்டூசித் தலை அளவு மஞ்சள், வெள்ளை மணிகளாக ஒட்டியிருக்கும் முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் நீலகிரியில்தான், 1961-இல். ஒருமுறை மண்ணில் புகுந்தால் பல வருடம் உறங்கிக் கிடக்கும். முத்தோரையில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் அதைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற ரகங்களைக் கொண்டுவந்ததே இந்தத் தொல்லைக்காகத்தான். ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மழை மாதங்கள்

மூன்று நாள் தொடர்ந்து மூட்டமும் தூறலும் என்றால் உருளைக்கிழங்கு இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே நீர் கோர்த்த கரும்புள்ளி, அடியில் வெள்ளைப் பூசணம் என்றால் பின்பருவக் கருகல் வந்துவிட்டது, ஒரு வாரத்தில் பாத்தியே அவிந்தது போலாகும். வந்தபின் வைத்தியம் கிடையாது, வருமுன் போர்டோ கலவை அடிக்க வேண்டும். 100 கிராம் மயில்துத்தத்தை ஐந்து லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு வாளியில் நீற்றி, ஐந்து லிட்டராக்கி ஆறவிடுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெதுவாக ஊற்றிக் கிளறுங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் சேர்க்க வேண்டும். வடிகட்டி அன்றைக்கே அடித்துவிடுங்கள், மறுநாளைக்கு ஆகாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஓடில்லாத நத்தைகளுக்குச் சாம்பல் தூவுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தினமும் தூறுகிற ஊரில் சாம்பல் ஒரு ராத்திரிகூட நிற்காது. டார்ச்சும் டப்பாவுமாக எட்டு மணிக்கு இறங்கிப் பொறுக்குவதுதான் வழி. காலையில் நாற்று அறுபட்டுக் கிடந்தால் அதன் அடியில் ஒரு விரற்கடை மண்ணைக் கிளறுங்கள், சுருண்டு படுத்திருக்கும் வெட்டுப்புழு கிடைக்கும்.

பனி

மழை விட்டு வானம் கண்ணாடி மாதிரித் தெளிந்ததும் முதலில் நீர்பனி, அப்புறம் உறைபனி. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை எச்சரிக்கையாக இருக்க வேண்டும். காற்றே இல்லாமல், நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிற ராத்திரிதான் ஆபத்து. மூட்டம் போட்ட ராத்திரியில் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளைக் கொண்டு மூடி வைத்திருப்பதை அந்த மாதங்களில் பார்க்கலாம். மெல்லிய மிலார்க் கிளைகளைச் செடிக்கு மேல் கூரை போல் சாய்த்து நடுவது. வெயில் இறங்கும், பனி இறங்காது. அதே முறைதான் வீட்டுக்கும். கோணிப்பை என்றால் சாயங்காலம் ஐந்து மணிக்குள் மூடி, காலை வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையில் படும்படி போட்டால் பட்ட இடமெல்லாம் கருகும். முந்தின நாள் பகலில் மண்ணை நனைத்து வைத்தால் அது கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைக்கும். மறந்து தூங்கிவிட்டால் சூரியன் வருமுன் எழுந்து தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கலாம், பாதியாவது தப்பும். கேரட்டும் முட்டைக்கோஸும் பனியைப் பொறுத்துக்கொள்ளும். பீன்ஸ், உருளைக்கிழங்கு, மேரக்காய்க் கொடி, டேலியா ஒரே ராத்திரியில் வெந்த கீரையாகிவிடும்.

விருந்தாளிகள்

காட்டெருமை வந்தால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். ஒரு டன் எடையைத் தகர டப்பா தட்டி விரட்டப் போய் அடிபட்டவர்கள் உண்டு. வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுவது குற்றம், உயிரும் போகும், அந்த யோசனை சொல்பவர்களோடு பேச்சையே வளர்க்காதீர்கள். என் அனுபவத்தில் வெளி வரிசையில் பூண்டும் புதினாவும் வைத்தால் அவற்றைத் தொடுவதில்லை, ஆனால் தாண்டி வந்து முட்டைக்கோஸைத் தின்னத் தடையும் இல்லை. முள்ளம்பன்றிக்கு வேலியின் அடியில் தகரத்தை ஓரடி மண்ணுக்குள் இறக்க வேண்டும். பேரிக்காய் மரம் இருந்தால் காயாகவே பறித்து வைக்கோலில் பழுக்க வையுங்கள், மரத்தில் பழுக்கவிட்டால் கரடிக்கு அழைப்பு. குரங்குக்கு என்னிடம் வழி இல்லை. பாதி பீன்ஸ் அவற்றின் கணக்கில் எழுதிவிட்டேன்.

விதை எடுத்தல்

அந்த மண் சம்பவத்துக்கு அடுத்த வருடம் கீழ்வீட்டு அக்கா ஒரு கைப்பிடி அவரை விதை கொடுத்தார், அவர் மாமியார் காலத்திலிருந்து வீட்டில் வைத்திருப்பது. கடையில் கிடைக்காத பெரிய அவரை, அவர்கள் வீட்டில் 'அவரை உதக்க' என்று ஒரு குழம்பு வைப்பார்களே, அதற்கானது. நன்றாகக் காய்த்த கொடியில் ஏழெட்டு நெற்றைப் பறிக்காமல் விடுங்கள். கொடியிலேயே காய்ந்து கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். மழை வந்துவிட்டால் கொடியோடு அறுத்து அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிடுங்கள், புகை படுவது நல்லது. உரித்து, சுருங்கியதையும் ஓட்டை விழுந்ததையும் ஒதுக்கி, சலித்த சாம்பலில் புரட்டி, காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு, மாதமும் வருடமும் எழுதி ஒட்டுங்கள். எழுத மறக்காதீர்கள். எங்கள் அலமாரியில் எழுதாத பாட்டில் ஒன்று இருக்கிறது. போன வருடத்து விதையா, அதற்கு முந்தினதா என்று எனக்கும் மனைவிக்கும் இன்னும் வழக்கு நடக்கிறது. ஏப்ரலில் பத்து விதையை ஈரத் துணியில் கட்டி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.